தேக்கா முதல் தெலுக் ஆயர் வரை: சந்தை, கோயில், பள்ளிவாசல் பார்க்கக் கிளம்புமுன்

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் விருந்தாளிகள் ஆற அமரப் புறப்பட்டு, பதினொன்றரைக்குத் தேக்கா சந்தை, ஒரு மணிக்கு மாரியம்மன் கோயில், வெள்ளிக்கிழமை மதியம் சுல்தான் பள்ளிவாசல் என்று திட்டம் போடுவார்கள். சந்தையில் மீன்கடைக்காரர் பலகையைக் கழுவி ஊற்றிக்கொண்டிருப்பார். கோயில் நடை சாத்தியிருக்கும். பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகைக் கூட்டம். சிங்கப்பூரில் தூரம் ஒரு பொருட்டே இல்லை. தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவிலிருந்து மாரியம்மன் கோயில் இருக்கும் சைனாடவுனுக்கு ரயிலில் மூன்றே நிறுத்தம். நேரம்தான் ஆளைக் கவிழ்க்கும். எந்தக் கதவு எப்போது திறந்திருக்கும் என்பதை முதலில் எழுதிவைத்துக்கொண்டு, நடைவழியை அதற்குப் பிறகு போடுங்கள்.

நேரக் கணக்கு

மீன், இறைச்சி, காய்கறி விற்கும் ஈரச் சந்தைகள் காலை 6 மணி வாக்கில் களைகட்டும். 11 மணிக்கு மேல் ஓய ஆரம்பித்து, மதியத்துக்குள் பெரும்பாலான மீன், இறைச்சிக் கடைகள் மூடிவிடும். திங்கட்கிழமை பல மீன்கடைகளுக்கு விடுமுறை. சந்தைக்கென்றே போவதானால் செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். சனி, ஞாயிறு காலை உள்ளூர்க் குடும்பங்களே நிறைந்திருக்கும், நின்று பார்க்க இடம் கிடைக்காது.

இந்துக் கோயில்கள் அதிகாலையில் திறந்து நண்பகல் சுமாருக்குச் சாத்துவார்கள். மாலை 5 அல்லது 6 மணிக்குத்தான் மறுபடி நடை திறப்பு. நம் ஊர் வழக்கமேதான். ஆனால் வெளிநாட்டில் ‘சுற்றுலா இடம்’ என்று மனத்தில் பதிந்துவிட்டால் அது மறந்துபோகிறது. சுல்தான் பள்ளிவாசலில் பார்வையாளர்களுக்கு வெள்ளி தவிர மற்ற நாள்களில் காலை 10 முதல் 12 வரை, பிற்பகல் 2 முதல் 4 வரை. தெலுக் ஆயர் தெருவில் உள்ள தியான் ஹொக் கெங் சீனக் கோயில் மதியம் மூடுவதில்லை, மாலை 5 மணி வாக்கில் மூடிவிடும். இந்திய மரபுடைமை நிலையம் என்ற அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை.

இன்னொன்றும் உண்டு. சந்தைகளும், பல சிறு சாப்பாட்டுக் கடைகள் சேர்ந்த உணவங்காடி நிலையங்களும் சில மாதங்களுக்கு ஒருமுறை துப்புரவுப் பணிக்காக முழுதாக மூடப்படும். தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டி வருகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை: முதல் சில நாள்கள் சீனக் கடைகள் அநேகமாகத் திறக்காது. சைனாடவுன் சந்தை வெறிச்சோடிக் கிடக்கும். தெரு அலங்காரம் மட்டும் பளபளக்கும்.

காலை: தேக்கா

லிட்டில் இந்தியா நிலையத்தின் ‘சி’ வாசலில் ஏறினால் பஃபலோ சாலை. பக்கத்திலேயே தேக்கா நிலையம். 1915இல் கண்டாங் கெர்பாவ் சந்தையாகத் தொடங்கியது. இப்போதுள்ள கட்டடம் 1982இல் வந்தது. கீழ்த்தளத்தில் ஒரு பாதி ஈரச் சந்தை, மறு பாதி உணவங்காடி நிலையம். மாடியில் புடவை, சுடிதார், தையற்கடைகள்.

7 மணிக்குள் அங்கே இருங்கள். தரை எப்போதும் ஈரமாக இருக்கும். வழவழப்பான அடிப்பாகம் உள்ள செருப்பு வழுக்கிவிடும், துணிக்காலணி நனையும். பின்பட்டை உள்ள ரப்பர் செருப்புதான் அன்றைய நாளுக்கே சரி. பின்னால் கோயில், பள்ளிவாசல் என்று நாலைந்து முறை கழற்றி மாட்டவேண்டியிருக்கும்.

முதலில் எதுவும் வாங்காமல் ஒரு சுற்று சுற்றுங்கள். காய்கறிப் பக்கம் முருங்கைக்காய், வாழைப்பூ, வாழை இலை, கறிவேப்பிலை என்று பார்க்கும்போது நம் ஊர்ச் சந்தை மாதிரிதான் தெரியும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அதே பலகையில் பாண்டான் இலைக்கட்டு, எலுமிச்சைப் புல், லெங்குவாஸ் (அரத்தை) கிழங்கு. ஒரே கடைக்காரர் தமிழ்ப் பாட்டிக்கு ரசத்துக்கும் மலாய் அக்காவுக்கு ரெண்டாங் இறைச்சிக் கறிக்கும் சாமான் எடுத்துத் தருவார். மீன்பக்கம் ஐஸ் குவியலில் வவ்வால், வஞ்சிரம், கொடுவா, பூ நண்டு, இறால். ஆட்டிறைச்சிக் கடைகளில் பெரும்பாலும் ஆஸ்திரேலிய ஆடு, கொக்கியில் தொங்கும்.

சமையலறை உள்ள அறையில் தங்கியிருந்தால் வாங்கலாம். மீனை முழுதாக எடை போட்டுத்தான் விலை. தலை, செதில், குடல் போன பிறகு கையில் வருவது குறைவாகத்தான் இருக்கும். ஆகவே நாலு பேருக்கு ஒரு கிலோ என்று கணக்குப் பண்ணுகிறவர்கள் கொஞ்சம் கூட்டி வாங்குங்கள். எடை போட்டதும் “அண்ணே, கறிக்கு வெட்டிக் குடுங்க” அல்லது “பொரிக்க, மெல்லிசா” என்று சொல்லிவிடவேண்டும்; சொல்லாவிட்டால் அவர் கைப்பழக்கப்படி வெட்டிவிடுவார். வெட்டுக்கூலி தனியாக இல்லை. கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கும் உள்ள விதிதான், ஆனால் விரலால் அழுத்திப் பார்க்கக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

விலை கிலோவுக்கா, 100 கிராமுக்கா என்று அட்டையைப் படியுங்கள். வயதான சீன வியாபாரிகள் சிலர் இன்னும் கட்டிக் கணக்குச் சொல்வார்கள். ஒரு கட்டி ஏறக்குறைய 600 கிராம். “ஆண்ட்டி, பெர் கிலோ?” என்று கேட்டுக்கொண்டால் குழப்பம் இல்லை. ஈரச் சந்தையில் பேரம் பேசுவது வழக்கமில்லை. மாறாக, காய் வாங்கி முடித்த பிறகு “கொஞ்சம் கறிவேப்பிலை போடுங்கக்கா” என்றால் அநேகமாக மறுக்கமாட்டார்கள். மாடியில் உள்ள துணிக்கடைகளில் பேரம் செல்லும். இரண்டு மூன்று உருப்படியைச் சேர்த்து எடுத்துவிட்டுக் கேளுங்கள், ஒன்றை எடுத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

படம் எடுக்கும் விஷயம்: இது கண்காட்சி அல்ல, பிழைப்பு. நடைவழி இரண்டு பேர் ஒதுங்கிப் போகும் அகலம்தான். தள்ளுவண்டியோடு வரும் தாத்தாவை நிறுத்தி வைத்துவிட்டு மீனோடு செல்ஃபி எடுப்பவர்கள் மீது கடைக்காரர்கள் தண்ணீர் தெறிப்பது தற்செயலா என்பது தெரியாது. ஏதாவது வாங்கிவிட்டுக் கேட்டால் அவர்களே இறாலைத் தூக்கிக் காட்டுவார்கள்.

பசியாற

பக்கத்து உணவங்காடியிலேயே பசியாறலாம். இடம் பிடிக்க மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் வைத்திருப்பார்கள். அது யாரோ மறந்துவிட்டுப் போனதல்ல, அந்த இடம் எடுக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். நீங்களும் அப்படியே செய்யுங்கள், ஆனால் கைப்பேசியையோ பணப்பையையோ வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

காப்பி சொல்லத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வெறுமனே ‘கோப்பி’ என்றால் இனிப்பு டின்பால் போட்டது. ‘கோப்பி ஓ’ பாலில்லாமல் சீனி மட்டும். ‘கோப்பி சி’ இனிக்காத டின்பாலும் சீனியும். சீனியே வேண்டாமென்றால் பின்னால் ‘கொசோங்’, குறைவாகப் போதுமென்றால் ‘சியூ தாய்’, ஐஸ் வேண்டுமென்றால் ‘பெங்’. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ‘கோப்பி ஓ கொசோங்’ என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தேநீருக்கும் இதே வால்தான்: தே, தே ஓ, தே சி. இஞ்சி போட்டது தே ஹாலியா.

சைவர்கள் கவனிக்க: சீன, மலாய்க் கடைகளில் வெறும் காய்கறி என்று கொடுப்பதில்கூடக் காய்ந்த இறாலோ பெலாச்சான் என்ற இறால் விழுதோ சிப்பிச் சாறோ இருக்கும். சம்பால் என்ற மிளகாய் விழுதில் பெலாச்சான் இல்லாமல் இருப்பது அபூர்வம். “வெஜிடேரியன்” என்றால் மட்டும் போதாது, “நோ மீட், நோ ஃபிஷ், நோ எக், நோ பெலாச்சான்” என்று பிரித்துச் சொல்லவேண்டும். சிராங்கூன் சாலையில் சுத்த சைவ உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. சந்தேகம் என்றால் அங்கே போய்விடுவது நிம்மதி.

சாப்பிட்ட தட்டை நீங்களேதான் எடுத்துப்போய் வைக்கவேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது சட்டம். முதல் முறை எழுத்துமூல எச்சரிக்கை, திரும்பச் செய்தால் அபராதம். ஹலால் தட்டுக்கும் மற்றதுக்கும் தனித்தனி அடுக்கு இருக்கும், பலகையைப் பார்த்து வையுங்கள். மாற்றி வைப்பதுதான் வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு.

நடை திறந்திருக்கும்போதே

8.30 மணிக்கு வெளியே வந்தால் எதிர்ப்பக்கம் கெர்பாவ் சாலையில் தான் தெங் நியா வீடு. 1900இல் கட்டியது, லிட்டில் இந்தியாவில் மிஞ்சியிருக்கும் ஒரே பழைய சீனப் பங்களா. இப்போதுள்ள பலவண்ணப் பூச்சு பின்னால் வந்தது. உள்ளே போகமுடியாது, ஐந்து நிமிடம் போதும்.

அங்கிருந்து பஃபலோ சாலைப் பூக்கடைகள் வழியாக சிராங்கூன் சாலைக்கு வந்து வீரமாகாளியம்மன் கோயில். அர்ச்சனை செய்ய விரும்பினால் முகப்பில் சீட்டு வாங்கவேண்டும். இன்னும் நேரமிருந்தால் அதே சாலையில் வடக்கே ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில். தைப்பூசத்தன்று பால்குடமும் காவடியும் இங்கிருந்துதான் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் புறப்படும்.

வழியில் பலர் தவறவிடுவது டன்லப் தெருவிலுள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசல். தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள். வாசலுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள்: சூரியன் போன்ற வட்டம், அதிலிருந்து 25 கதிர்கள். ஒவ்வொரு கதிரிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில். வட்டத்தைப் படமெடுக்க நண்பகலுக்கு முந்தைய வெளிச்சம் நல்லது.

பத்து மணிக்குமேல் வெயில் ஏறும். அப்போது கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் புகுந்துவிடுங்கள். 2015இல் திறந்தது, குளிர்சாதனம் இருக்கிறது. சிங்கப்பூர் வந்த நம் மக்கள் எங்கெங்கிருந்து, என்ன தொழிலுக்கு வந்தார்கள் என்பது ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவுக்குப் போகாதீர்கள் என்று பலர் புத்திசொல்வார்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்கு அன்றுதான் விடுப்பு, தெருவே நிரம்பியிருக்கும். சிறு குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அந்தப் புத்திமதி சரி. மற்றவர்கள் போய்ப் பாருங்கள். புதுக்கோட்டையும் மன்னார்குடியும் ஒரே நடைபாதையில் நின்று பேசிக்கொண்டிருக்கும். இந்த வட்டாரம் யாருக்காக இயங்குகிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும். சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை இங்கே பொது இடத்தில் மது அருந்துவது குற்றம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பிற்பகல்: தெலுக் ஆயர்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தூக்கம் போட்டுவிட்டு 3 மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். லிட்டில் இந்தியாவிலிருந்து நீலப் பாதையில் ஆறாவது நிறுத்தம் தெலுக் ஆயர். இன்றைக்கு வங்கிக் கோபுரங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் இந்தத் தெருதான் அன்றைய கடற்கரை. 1880களில் கடலைத் தூர்த்தபிறகு தண்ணீர் விலகிப்போயிற்று. கப்பலில் வந்து இறங்கியவர்கள் உயிரோடு கரைசேர்ந்ததற்கு நன்றி சொன்ன இடங்களெல்லாம் அடுத்தடுத்து நிற்பதற்கு அதுவே காரணம்.

தியான் ஹொக் கெங் கடல் அன்னை மாஸுவின் கோயில், 1839க்கும் 1842க்கும் இடையில் கட்டியது. மூடும் நேரம் முந்துவதால் இதை முதலில் பாருங்கள். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. வாசற்படி உயரமாக இருக்கும். அதன்மேல் கால் வைக்காமல் தாண்டுங்கள். உத்தரங்களை நிமிர்ந்து பார்த்தபின் கோயிலைச் சுற்றி ஆமொய் தெருப் பக்கம் போனால், பின்சுவரில் 44 மீட்டர் நீளத்துக்குக் குடியேறிகளின் வாழ்க்கை ஓவியமாக விரிகிறது. முக்கால்வாசிப் பேர் முன்வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

அதே தெருவில் நாகூர் தர்கா. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828-1830இல் நாகூர் ஆண்டவர் நினைவாக எழுப்பியது. இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம். நாகூரைப் பார்த்தவர்கள் மினாராவின் அடுக்குகளைக் கண்டதும் அடையாளம் கண்டுகொள்வார்கள். சில கட்டடம் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல். ‘குச்சுப் பள்ளி’ என்று முதியவர்கள் சொல்வது இதைத்தான்.

இங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலைக்கு நடந்தே போகலாம், பத்து நிமிடம். ஜாமிஆ சூலியா பள்ளிவாசலின் பச்சை மினாராக்களும் மாரியம்மன் கோயில் கோபுரமும் ஒரே பார்வையில் விழும் இடம் அது. ஆறு மணிக்கு நடை திறக்கும்போது நீங்கள் வாசலில் இருப்பீர்கள். கோயிலைத் தொடங்கியவர் நாராயண பிள்ளை. 1819இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்து, தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டவர். 1827இல் மரமும் ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரையுமாக எழுந்த கோயில் அது. நுழையும்போது கதவில் வரிசையாகப் பதித்த சிறு மணிகளைக் கவனியுங்கள். தட்டிவிட்டு உள்ளே போவார்கள். பக்கத்துத் தெருக்களான பகோடா தெரு, டெம்பிள் தெரு இரண்டுக்கும் பெயர் வந்தது சீனக் கோயிலால் அல்ல, இந்தக் கோயிலால்தான். தீபாவளிக்குச் சுமார் ஒரு வாரம் முன்பு தீமிதி நடக்கும். அன்று சாதாரண தரிசனத்துக்கு வராதீர்கள், கூட்டத்தில் உள்ளே நகர முடியாது.

இரவுச் சாப்பாட்டுக்கு லாவ் பா சாட். 1894இல் எழுப்பிய எண்கோண வார்ப்பிரும்புச் சந்தை. அடியில் ரயில் சுரங்கம் தோண்டுவதற்காக 1986இல் கழற்றிவைத்து, பிறகு துண்டு துண்டாகப் பூட்டியது. 7 மணிக்குப் பிறகு பக்கத்து பூன் டாட் தெருவில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டுச் சாத்தே (குச்சியில் குத்திய இறைச்சித் துண்டுகள்) சுடுவார்கள். கலவைத் தட்டு சொன்னால் மாட்டிறைச்சியும் வரும். வேண்டாமென்றால் முதலிலேயே “நோ பீஃப்” சொல்லுங்கள்.

கம்போங் கிளாமுக்கு வேறொரு காலை

கம்போங் கிளாம் வட்டாரத்தில் உள்ள சுல்தான் பள்ளிவாசலை இதே நாளில் திணிக்காதீர்கள். பூகிஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை போட்டு வந்தவர்களுக்கு வாசலிலேயே அங்கி தருவார்கள். தொழுகைக் கம்பளத்தின்மேல் பார்வையாளர்கள் போகக்கூடாது. தங்கக் குவிமாடத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை தெரியும்: அத்தனையும் கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகம். 1932இல் கட்டி முடித்த இந்தப் பள்ளிக்கு ஏழைகளும் பங்களிக்கட்டும் என்று அவர்கள் கொடுத்த போத்தல்களைச் சேர்த்தார்கள். கைப்பேசியில் நன்றாகப் பெரிதாக்கினால்தான் தெரியும். மலாய்ச் சந்தை பார்க்க ஆசைப்பட்டால் அங்கிருந்து பாயா லேபார் போய் கேலாங் சிராய். கீழே சந்தை, மேலே சாப்பாடு.

பணமும் பயண அட்டையும்

டாலரை இங்கே வெள்ளி என்போம், சென்ட்டைக் காசு என்போம். சந்தைக்கு 2, 5, 10 வெள்ளித் தாள்களாகக் கொண்டுபோங்கள். காலை ஏழு மணிக்கு மூன்று வெள்ளிக் கீரைக்கு நூறு வெள்ளித் தாளை நீட்டினால் முகம் சுளிப்பார்கள். சில கழிவறைகளுக்கு 10, 20 காசு சில்லறை வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், போத்தலைக் கையில் வைத்திருங்கள்.

ரயிலுக்கு விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தட்டியே போகலாம். ஆனால் ஊரிலேயே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொடாமல் செலுத்தும் வசதியையும் திறந்துவிட்டு வரவேண்டும். வெளிநாட்டு அட்டைக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 காசு கூடுதல் கட்டணம் விழும். ஓர் அட்டையில் இரண்டு பேர் போகமுடியாது. அட்டையைப் பதிவேற்றிய கைப்பேசியைத் தட்டி ஏறிவிட்டு, இறங்கும்போது அதே அட்டையைக் கையிலெடுத்துத் தட்டினால் அமைப்பு அதை வேறோர் அட்டையாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டு பயணங்களும் முடியாதவையாகப் பதிவாகிக் கட்டணம் கூடும். நாலைந்து நாள் தங்குகிறவர்கள் 10 வெள்ளி ஈஸி-லிங்க் அட்டை வாங்கினால் தலைவலி இல்லை. அதில் 5 வெள்ளி அட்டையின் விலை, மீதிதான் பயணத்துக்கு.

ரயிலில் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ கூடாது, அபராதம் 500 வெள்ளி வரை. டுரியானும் ஏற்றக்கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டுரியான் நன்றாகக் கிடைக்கும். விலை கிலோவுக்கு, அதுவும் முள்ளோடு சேர்த்து எடை. கத்தி வைப்பதற்கு முன்பே “இந்தப் பழம் மொத்தம் எவ்வளவு?” என்று கேட்டுவிடுங்கள், பிளந்த பிறகு கேட்பதில் பயனில்லை. கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, உப்புத்தண்ணீரில் கை கழுவிவிட்டுக் கிளம்புங்கள். தங்கும் விடுதிகள் அநேகமாக உள்ளே விடாது.

ஊருக்குக் கொண்டுபோக

காயா (தேங்காய்ப்பால், முட்டை சேர்த்த ஜாம்), சம்பால் இரண்டும் விமான நிலையச் சோதனையில் திரவக் கணக்கில் சேரும். 100 மில்லிக்கு மேற்பட்ட போத்தலைக் கைப்பையில் வைத்தால் அங்கேயே விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். குலா மலாக்கா என்ற பனைவெல்ல உருளைகள், கோப்பித்தூள் எடுத்துப்போக எளிது. பெலாச்சான் வாங்கினால் மூன்று பை போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பெட்டியில் உள்ள பட்டுப்புடவையும் மணக்கும்.

நகை, கைப்பேசி, துணி போன்றவற்றுக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறலாம். கடை அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கவேண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கியிருக்கவேண்டும், மூன்று ரசீது வரை சேர்த்துக்கொள்ளலாம். பணம் கொடுக்கும்போதே அசல் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) காட்டவேண்டும், நகல் செல்லாது. சாப்பாட்டுக்கும் சந்தைச் சாமானுக்கும் இது கிடையாது. விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே வரித்திருப்ப இயந்திரத்துக்குப் போங்கள். அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லக்கூடும். அது ஏற்கெனவே விமானத்துக்குப் போய்விட்டால் அந்தக் கோரிக்கை அத்தோடு சரி. கூட்ட நேரத்தில் இதற்கு மட்டும் அரை மணி நேரம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.